அட்டை வெட்டிச் சமநிலை காண முடியுமா?

ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு பாய்ப்படகு ஒன்று குளத்தின் நடுவே ஒரு பக்கம் சாய்ந்தபடி விரைந்து செல்கிறது. அதில் ஆள் இல்லை. கரையில் நிற்பவர் கையில் ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு நெம்புகோல்கள். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றொன்று பாய்க்கயிற்றை இழுக்கும், தளர்த்தும். கட்டளையைக் கொண்டு போவது ரேடியோ அலை. படகைக் கொண்டு போவது காற்று. மோட்டார் வைத்த படகைக் கடையில் வாங்கி ஓட்டிவிடலாம். பாய்ப்படகு அப்படியன்று. அதைச் செய்தவருக்குக் கொஞ்சமேனும் பௌதிகம் தெரிந்திருந்தால்தான் அது நேரே போகும்.

இத்தகைய மாதிரிப் படகு கட்டுவது எப்படி என்று சொல்லும் கைநூல்கள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு படம் தவறாமல் இருக்கும். படகின் பக்கத் தோற்றம். பாய்களின் மேல் ஒரு புள்ளி. நீர்மட்டத்துக்குக் கீழே இன்னொரு புள்ளி. மேற்புள்ளி கீழ்ப்புள்ளியைவிடச் சிறிது முன்னால் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் படகு சமநிலையில் ஓடும் என்று படத்தின் அடியில் எழுதியிருக்கும். அந்தப் படத்தைத்தான் இக்கட்டுரையில் நாம் சோதிக்கப் போகிறோம். அது தவறு என்பது என் கட்சி. தவறாக இருந்தும் பல ஆண்டுகளாக நல்ல படகுகள் அதைக்கொண்டே கட்டப்பட்டு வருகின்றன என்பதுதான் வேடிக்கை. அந்த வேடிக்கைக்கும் காரணம் காண்போம்.

முதலில் 'சமநிலை' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். படகைத் தொட்டியில் மிதக்கவிட்டால் அது முன்னோ பின்னோ அமிழாமல் மட்டமாக நிற்பது ஒரு சமநிலை. அது எடையைப் பொறுத்தது. குளியல் தொட்டியிலேயே பார்த்துவிடலாம். நாம் பேசுவது அதுவன்று. காற்றுக்கு எதிராக, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் படகு முன்னேறும்போது, சுக்கானை நேராக வைத்துக் கையை எடுத்துவிட்டால் அது நேரே போகிறதா, காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்புகிறதா, காற்று போகும் பக்கம் திரும்புகிறதா? இதுவே பாய்ச் சமநிலை. தானாகத் திரும்பும் படகை நேரே ஓட்டச் சுக்கானை எப்போதும் ஒரு பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். பத்துப் பாகை திரும்பிய சுக்கான் நீரில் இழுபடும் ஒரு பிரேக்குக்குச் சமம்.

இனிக் கைநூல் முறை. படகின் பக்கத் தோற்றத்தில் நீருக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அடிக்கூடு, அதன் கீழ் நீண்டு இறங்கும் கீல் என்ற தகடு, கீலின் நுனியில் உள்ள ஈயக் குண்டு, பின்னால் சுக்கான் எல்லாம் சேர்த்து ஒரே துண்டு. அதை ஊசி முனையில் நிறுத்துங்கள். எங்கு நிற்கிறதோ அதுவே 'பக்கத் தடை மையம்'. பாய்கள் முக்கோணமானவை, நடுக்கோடுகள் வெட்டும் இடம் ஒவ்வொரு பாயின் மையம், இரண்டையும் பரப்புக்கேற்பச் சேர்த்தால் 'பாய்விசை மையம்'. இரண்டுக்கும் உள்ள தூரம் முந்துதூரம் எனப்படும். நீர்மட்ட நீளத்தில் 5 முதல் 15 விழுக்காடு வரை பல எண்களைப் பல நூல்களில் காணலாம். இவ்வளவு அகன்ற இடைவெளி உள்ள ஒரு 'விதி'யைப் பார்த்ததுமே மாணவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

அட்டை எதை அளக்கிறது?

அட்டைத் துண்டின் ஈர்ப்பு மையம் என்பது பரப்பின் நடு. நீரின் விசை பரப்பின் நடுவில் தாக்குவது எப்போது? தகடு நீருக்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில் தள்ளப்படும்போது. தொட்டி நீரில் ஓர் அடிக்கோலைத் தட்டையாக, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நடுவில் விரல் வைத்தால் அது திரும்பாமல் போகும். ஆகவே, படகு முன்னே போகாமல் முழுக்க முழுக்கப் பக்கவாட்டில் தள்ளப்பட்டால் அட்டை சொல்வது சரி.

ஆனால் எந்தப் பாய்ப்படகு அப்படிப் போகிறது? ஓடும் படகு முன்னோக்கியே போகிறது. பக்கவாட்டில் நழுவுவது சிறிதளவே. மூக்கு காட்டும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் உள்ள வேறுபாடு நான்கைந்து பாகைதான். அந்தச் சிறு கோணத்தில் கீல் ஒரு தடுப்புச் சுவரைப் போல வேலை செய்வதில்லை. நீருக்குள் செங்குத்தாக நிற்கும் ஓர் இறக்கையைப் போல வேலை செய்கிறது. இறக்கையில் விசையின் மையம் நடுவில் இல்லை. முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழக் கால் பங்குத் தொலைவில் இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தபால் கார்டு அளவில் கனமான ஓர் அட்டையை எடுத்து, நீண்ட விளிம்பு முன்னிருக்குமாறு கிடையாகப் பிடித்து மெல்ல முன்னே விடுங்கள். முன்விளிம்பு மேலே தூக்கும். அட்டை குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே விழும். எடை நடுவில், காற்றின் விசை அதற்கு முன்னால். ஆகவே அது கவிழ்கிறது. இப்போது முன்விளிம்பில் காகிதக் கிளிப்புகளை வரிசையாக மாட்டி, விரலில் நிறுத்தினால் முன்னிருந்து கால் பங்குக்குச் சற்றுப் பின்னே நிற்கும்படி செய்து விடுங்கள். ஒன்றிரண்டு முறை திருத்த வேண்டியிருக்கும். பிறகு கவிழாமல் சறுக்கிக்கொண்டு போகும். எடையை எங்கே கொண்டு வந்தோமோ அங்கேதான் காற்றின் விசையும் இருந்தது.

இது புதுச் செய்தியும் அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஷோசெல் லுவார் ஆற்று நீரில் தகடுகளை வைத்துச் சோதித்து ஒரு சூத்திரம் தந்தார். தகட்டின் அகலத்தை 1 என்று கொண்டால், முன்விளிம்பிலிருந்து விசை மையத்தின் தொலைவு 0.195 + 0.305 × சைன் கோணம். கோணம் 90 பாகையானால் விடை 0.5, அதாவது நடு. 5 பாகையானால் 0.22. கப்பல்களின் சுக்கானைத் திருப்ப எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிட இந்தச் சூத்திரத்தைத்தான் பல தலைமுறைப் பொறியாளர்கள் பயன்படுத்தினர். எனக்கு வியப்பாக இருப்பது இதுதான்: ஒரே கப்பலில், சுக்கானுக்குக் கணக்குப் போட்டவர் விசை மையம் முன்னே நகரும் என்று அறிந்திருந்தார்; அதன் அருகே இருந்த அடிக்கூட்டுக்கும் கீலுக்கும் கணக்குப் போட்டவர் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இன்று உலகெங்கும் பரவியுள்ள 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' என்ற வகையை எடுத்துக்கொள்வோம். 1988இல் வகுக்கப்பட்டது. நீளம் 1000 மி.மீ.க்கு மிகக் கூடாது. எடை 4000 கிராமுக்குக் குறையக் கூடாது. நீரில் மூழ்கும் ஆழம் 420 மி.மீ.க்கு மிகக் கூடாது. வீட்டில் கட்டுவோரையும் மனத்தில் வைத்து வகுத்த விதிகள் ஆதலால், அடிக்கூட்டுக்கு மரமும் கண்ணாடி இழையும் போதும். விலைமிகுந்த கார்பன் இழைக்கு அங்கே இடமில்லை.

இந்த அளவுக்குள் நான் வரைந்த ஒரு படகின் எண்கள் இவை. நீருக்குக் கீழே அடிக்கூட்டின் பக்கப் பரப்பு 390 ச.செ.மீ.; கீல் 265; ஈயக் குண்டு 75; சுக்கான் 130. மொத்தம் 860. முன்முனையிலிருந்து அளந்தால் அடிக்கூட்டின் நடு 51 செ.மீ.; கீலும் குண்டும் 50; சுக்கான் 93. பெருக்கிக் கூட்டி வகுத்தால் அட்டையின் மையம் 57 செ.மீ.இல் வருகிறது. சுக்கானைச் சேர்க்காமல் வெட்டினால் 50.5 செ.மீ. சுக்கானைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் கைநூல்கள் ஒத்துப்போவதில்லை. அந்த ஒரு முடிவிலேயே விடை ஆறரை செ.மீ. நகர்கிறது! முந்துதூரம் பத்து செ.மீ. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அதை அளக்கும் கோலில் ஆறரை செ.மீ. ஐயத்தை விட்டுவைப்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் செல்லாது.

சரி, உண்மை மையம் எங்கே? அடிக்கூடு நீளமானது, ஆழமற்றது. கீல் ஒடுங்கியது, ஆழமானது. சிறு கோணத்தில் பக்கவிசை தருவதில் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கடற்பறவையின் இறக்கை ஏன் நீண்டு ஒடுங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அதே காரணம். அட்டையோ அடிக்கூட்டுக்கு 45 விழுக்காடு பங்கு தந்துவிட்டது. உண்மையில் பெரும்பங்கு வேலையைச் செய்வது கீல். அதன் அகலம் 8 செ.மீ.; முன்விளிம்பு 46இல்; அதிலிருந்து 22 விழுக்காடு என்றால் 47.8. சுக்கான் தாங்கும் சிறு பங்கு மையத்தைச் சற்றுப் பின்னே இழுக்கும். அடிக்கூடு அதற்கு எதிராக முன்னே இழுக்கும். ஏனெனில், நீண்ட உருவம் ஒன்று பாய்மத்தினூடே சாய்கோணத்தில் போனால் இன்னும் அதிகமாகக் குறுக்கே திரும்பவே முயலும். ஆகாயக் கப்பல்களுக்காக மாக்ஸ் முங்க் 1924இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கணக்குத் தந்தது. துடுப்புப் போடுவதை நிறுத்திய ஓடம் ஏன் நேரே போகாமல் குறுக்கே திரும்புகிறது என்பதும் இதனால் விளங்கும். இந்த இழுபறியில் எது எவ்வளவு என்று ஊசி முனை சொல்லாது.

இந்த வழியில் எண்ணியவர்கள் பிற்காலத்தில் அட்டையைக் கைவிட்டார்கள். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிட்ஸ்மா தந்த எளிய முறையில், கீலை நீர்மட்டம் வரை நீட்டி வரைந்து, அதன் கால்பங்குக் கோட்டில், ஆழத்தின் 45 விழுக்காட்டில் புள்ளி வைத்தால் போதும். லார்சன், எலியாசன் இருவரும் 1994இல் வெளியிட்ட பாய்க்கப்பல் வடிவமைப்பு நூல் இம்முறையைப் பரப்பியது. ஆனால் சிறு படகு கட்டுவோரின் கைகளில் இன்னமும் அட்டையும் ஊசியுமே புழங்குகின்றன.

பிறகு எப்படி அவை ஓடின?

அட்டை இவ்வளவு தவறு என்றால், அதை நம்பிக் கட்டிய படகுகள் எப்படி ஓடின? நியாயமான கேள்வி.

ஒரு காரணம், பாயிலும் அதே தவறு நடந்தது. பாயும் இறக்கையே, அதன் விசை மையமும் முக்கோணத்தின் நடுவுக்கு முன்னால்தான் இருக்கிறது. மேலும் கீழும் இரண்டு புள்ளிகளும் முன்னே நகர்வதால் தவறுகள் ஒன்றையொன்று ஓரளவு விழுங்கிவிட்டன.

மற்றொரு காரணம் இதைவிட முக்கியமானது. பௌதிகம் படித்த மாணவர் படத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு விசை பக்கவாட்டில் தள்ளுகிறது, மற்றொரு விசை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால்தானே திருப்புத்திறன் இல்லாமல் போகும்? பாய்விசையை முன்னே வைத்தால் படகின் மூக்கு காற்று போகும் பக்கம் திரும்ப வேண்டாமா? படம் சமநிலையின்மையைக் காட்டிவிட்டு அதற்குச் சமநிலை என்று பெயர் சூட்டுகிறது!

விடை படத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. ஏனென்றால் அது பக்கத் தோற்றம்; நிமிர்ந்து நிற்கும் படகு. ஓடும் படகோ சாய்கிறது. அப்போது பாய்கள் அடிக்கூட்டுக்கு மேலே இல்லை. ஒரு பக்கமாக நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. படகை முன்னே இழுக்கும் விசை அந்தப் பக்கத்தில்; படகைப் பின்னே இழுக்கும் நீர்த்தடை இந்தப் பக்கத்தில். மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் இழுத்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? அதே போலப் படகின் மூக்கு காற்று வரும் பக்கம் திருகப்படுகிறது. முந்துதூரம் என்பது இந்தத் திருகலுக்கு எடுத்துவைத்த எதிர்க்கடன்.

எவ்வளவு கடன்? நம் படகில் பாய்விசை மையம் நீருக்கு மேல் 700 மி.மீ., நீர்த்தடையின் மையம் கீழே 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 800. சாய்வு 20 பாகையானால் இரண்டு கோடுகளுக்கும் இடையே 274 மி.மீ. விலக்கம், 30 பாகைக்கு 400, 40 பாகைக்கு 514. காற்றுக்கு எதிரே ஏறும்போது பாய் முன்னே இழுப்பது ஒரு பங்கு என்றால் பக்கவாட்டில் தள்ளுவது நான்கு பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். எனவே வேண்டிய முந்துதூரம், விலக்கத்தில் நாலில் ஒன்று: 20 பாகைக்கு 68 மி.மீ., 30க்கு 100, 40க்கு 129. இது தோராயக் கணக்குத்தான். ஆனால் இதிலிருந்து தெரிவது தோராயமன்று. ஒரே படகுக்கு, ஒரே பாய்க்கு, ஒரே பிற்பகலில், வேண்டிய முந்துதூரம் ஏறத்தாழ இரு மடங்கு மாறுகிறது. 'சரியான முந்துதூரம்' என்று ஓர் எண் கிடையாது. மெல்லிய காற்றில் நேரே போகும்படி அமைத்த படகு, காற்று வலுத்ததும் மூக்கைத் திருப்பியே தீரும்.

பெரிய படகைவிடச் சிறிய படகில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? பாய்ப் பரப்பு நீளத்தின் இருபடியாகக் குறையும். நெம்புகோல் கையும் நீளத்தோடு குறைவதால் சாய்க்கும் திறன் முப்படியாகக் குறையும். நிமிர்த்தும் திறனோ, எடை முப்படி, கை ஒருபடி, ஆக நாற்படியாகக் குறையும். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் சாய்க்கும் திறன் ஆயிரத்தில் ஒன்று. நிமிர்த்தும் திறன் பதினாயிரத்தில் ஒன்று. காற்று மட்டும் சுருங்குவதில்லை. பெரிய கப்பலின் அச்சான பொம்மை ஏன் தண்ணீரில் இறங்கியதும் படுத்துக்கொள்கிறது என்பது இப்போது தெரிகிறதல்லவா? இதனால்தான் ஒன் மீட்டர் வகையில் 4000 கிராமில் 2200 முதல் 2500 கிராம் வரை கீலுக்கும் ஈயக் குண்டுக்கும் ஒதுக்கி, அதை அவ்வளவு ஆழத்தில் தொங்கவிடுகிறார்கள். அப்படியும் அது நன்றாகவே சாயும்.

இன்னொரு கொள்கையின் கதை

சாய்வை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொன்னால் முன்னோருக்கு அநீதி. ரேடியோ வருவதற்கு முன்னும் மாதிரிப் பாய்ப்படகுகள் ஓடின. லண்டன் கென்சிங்டன் தோட்டத்து வட்டக் குளத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓடின. அவற்றுக்குச் சுக்கான் பிடிக்க ஆளில்லை; திருத்தக் கட்டளை இல்லை. கரையில் விட்டால் மறு கரை வரை தானாகவே போக வேண்டும். ஆகவே அவர்களுக்குச் சமநிலை வாழ்வா சாவா என்ற பிரச்சினை. 1930களில் காற்றுத்திசைகாட்டி போன்ற சிறகு ஒன்றைச் சுக்கானோடு இணைத்துப் படகைக் காற்றுக்கு ஒரே கோணத்தில் நிறுத்தும் அமைப்பு வந்தது; அதற்குப் பின்னரும் நல்ல சமநிலை உள்ள அடிக்கூடே வென்றது.

அந்த ஆண்டுகளில்தான் பிரிட்டனின் கடற்படைப் பொறியாளர் ரியர் அட்மிரல் ஆல்ஃபிரட் டர்னர் ஒரு கொள்கையை முன்வைத்தார். படகு சாயும்போது நீரில் மூழ்கிய பகுதியின் உருவம் மாறுகிறது. ஒவ்வொரு குறுக்கு வெட்டும் நடு அச்சிலிருந்து எப்பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு ஒரு கோடு வரைந்தால், அது அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் படகு திரும்பும் என்றார். கண் மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே பல பாய்க்கப்பல்களை வடிவமைத்த ஹாரிசன் பட்லர் இதை உற்சாகமாக ஏற்றுக்கொண்டார். அவருடைய படகுகள் நல்ல பெயர் பெற்றவை.

கொள்கையின் சிறப்பு, அது சாய்ந்த படகைப் பார்த்தது. குறை, நிற்கும் நீரை மட்டுமே பார்த்தது. மிதப்பு விசை எங்கே தாக்கினாலும் நேர் மேல்நோக்கியே தள்ளும். நேர் மேல்நோக்கும் விசை எவ்வளவு பெரிதானாலும் படகை இடமோ வலமோ திருப்ப முடியாது. பக்கவாட்டில் திருப்பப் பக்கவாட்டு விசை வேண்டும். அது ஓடும் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் வரும். அப்படியானால் பட்லரின் படகுகள் ஏன் நன்றாக ஓடின? டர்னரின் கணக்கில் தேறும் அடிக்கூடு, முன்னும் பின்னும் அளவொத்தது. சாய்ந்தாலும் நீருக்குக் கீழே வாழைக்காய் போல வளையாதது. வளையாத உருவம் நேரே போகிறது. மருந்து பலித்தது, நோயைப் பற்றிச் சொன்னது மட்டும் தவறு.

அட்டை முறை நீரோட்டத்தையும் தவறவிட்டது, சாய்வையும் தவறவிட்டது. டர்னர் முறை சாய்வைப் பிடித்தது, ஓட்டத்தை விட்டது. இரண்டில் எது பெரிய பிழை என்றால் நான் அட்டையையே சொல்வேன். டர்னர் கணக்கு கடினமானது; அதைப் போடுகிறவர் ஒரு நாள் முழுவதும் அடிக்கூட்டைப் பற்றிச் சிந்திக்கிறார். அட்டையை வெட்டுகிறவர் ஐந்து நிமிடத்தில் சிந்தனையை முடித்துக்கொள்கிறார்.

ரேடியோ வந்ததும் பிரச்சினை மறைந்தது, தீரவில்லை. கரையில் நிற்பவர் விரல் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் மோசமான படகும் நேரே போவது போலத் தோன்றுகிறது. பெட்டியில் நெம்புகோலின் அருகே சிறிய சரிசெய்கட்டை ஒன்று இருக்கும். அதைச் சற்றுத் தள்ளினால் சுக்கான் நிரந்தரமாக ஐந்து பாகை திரும்பி நிற்கும். ஓட்டுபவர் படகு சமநிலைக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். நானும் முதல் படகில் அப்படித்தான் எண்ணினேன். கைநூலில் சொன்னபடி அட்டை வெட்டி, மில்லிமீட்டர் பிசகாமல் பாய்மரக் குழியை ஒட்டியிருந்தேன். மற்றப் படகுகள் என்னைத் தாண்டிப் போனபோது பாயைக் குறை சொன்னேன், துணியைக் குறை சொன்னேன். வீட்டில் சுக்கானைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கோணலாக நின்றது என்று தெரிந்தது.

அட்டையைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் படகைப் போலவே கீல், பாய், உயரம் உள்ள ஒரு நல்ல படகின் அளவுகள் கையில் இருந்தால், இரண்டுக்கும் ஒரே முறையில் அட்டை வெட்டி ஒப்பிடலாம். தவறு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் ஒப்பீடு பயன்படும். தொழில் வடிவமைப்பாளர்கள் அதை அப்படித்தான் கையாண்டார்கள். கைநூல்கள் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு, அதையே இயற்கை விதி போல அச்சிட்டுவிட்டன. தனியாகத் தன் முதல் படகைக் கட்டும் மாணவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. படகு திரும்பிக்கொண்டே இருந்தால் தன் கைவேலைதான் பிழை என்று நினைத்துப் பரண்மேல் போட்டுவிடுவார்.

ஆகவே கட்டும்போதே ஐயத்துக்கு இடம் விட்டுக் கட்டுங்கள். கீலின் பொந்து அடிக்கூட்டோடு ஒட்டப்படுவது, பின்பு நகராது. நகரக்கூடியது பாய்மரம் ஒன்றே. அதன் அடியை ஒரே குழியில் ஒட்டாமல், முன்னும் பின்னும் 20 மி.மீ. நகரும்படி வரிசைத் துளைகள் உள்ள தகட்டில் நிறுத்துங்கள். தாங்குகயிறுகளைத் திருகி நீளம் மாற்றும்படி அமையுங்கள். பாய்மரத்தை ஒரு பாகை சாய்த்தால், 700 மி.மீ. உயரத்திலுள்ள பாய்விசை மையம் 12 மி.மீ. நகரும், 1600 மி.மீ. உயரத்தில் நுனி 28 மி.மீ. நகரும். நுனியின் நகர்வைக் கண்ணால் அளக்கலாம் என்பது வசதி.

குளத்துக்குப் போகும் முன் சரிசெய்கட்டையை நடுவில் வைத்து, சுக்கான் உண்மையில் நேராக நிற்கிறதா என்று படகின் பின்னாலிருந்து ஒரு கண் மூடிப் பாருங்கள். இதைச் செய்யாமல் செய்யும் சோதனை எதுவும் சோதனையன்று. படகு இருபது, இருபத்தைந்து பாகை சாயும் காற்றில், பாய்களை இழுத்துக் காற்றுக்கு எதிரே ஏறவிட்டு, விரலை எடுங்கள். இடப்பக்கம் சாய்ந்து ஓடும்போது ஒரு முறை, வலப்பக்கம் சாய்ந்து ஓடும்போது ஒரு முறை. இரண்டிலும் மூக்கு மெல்ல மெல்லக் காற்று வரும் பக்கம் திரும்பினால் நல்லது. பலத்த வீச்சு வரும்போது தானே காற்றில் ஏறிச் சாய்வைக் குறைத்துக்கொள்ளும். விருட்டென்று திரும்பினால் பாய்மரத்தை அரைப் பாகை முன்னே நிமிர்த்துங்கள். அல்லது பெரிய பாயின் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். காற்று போகும் பக்கம் திரும்பினால் பாய்மரத்தைப் பின்னே சாயுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் திரும்பி மறுபக்கம் நேரே போனால் பாய்மரத்தைத் தொடவே வேண்டாம். கீலோ சுக்கானோ கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது.

காற்று வலுத்தால் ஒன் மீட்டர் படகில் பாய்த் தொகுதியையே மாற்றுவார்கள். முதல் தொகுதியில் பெரிய பாயின் முன்விளிம்பு 1600 மி.மீ.; இரண்டாவதில் 1180; மூன்றாவதில் 880. பாய் தாழத் தாழ, சாய்வு ஒன்றே ஆனாலும் திருகல் குறையும். அதனால் முதல் பாய்க்குக் கண்ட பாய்மர இடம் இரண்டாவதற்குப் பொருந்தாது. மூன்றுக்கும் தனித்தனியே குளத்தில் பார்த்து, தளத்தின் மேல் பென்சிலால் மூன்று கோடுகள் இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, அதன்மேல் வார்னிஷ் பூசிவிடுங்கள்.